கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சு

கூழாம்பாறைக் காடு முப்பத்தொரு மணி இருபது நிமிடம் எரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தொடங்கி, புதன்கிழமை மாலை ஆறரைக்கு அணைந்தது. இதை நான் அலுவலகக் குறிப்பேட்டில் எழுதினேன். பிரிவு அலுவலர் செல்வகுமார் சார் படித்துவிட்டு, முப்பத்தொரு மணி இருபது நிமிடத்தை அடித்து, மேலே ‘சிறிது நேரம்’ என்று எழுதினார்.

“நம்பர் போட்டா கேள்வி வரும்மா” என்றார்.

நான் வனத்தீத் தடுப்பு இயக்ககத்தின் திண்டிவனம் பிரிவில் தற்காலிகக் குறிப்பாளர். கூட்டங்களில் மற்றவர்கள் பேசுவதை எழுத வேண்டும். குறிப்பாளர் கூட்டத்தில் பேசக் கூடாது என்று நியமன ஆணையின் நான்காம் பத்தியில் இருக்கிறது. எனக்கு அது வசதியாக இருந்தது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வு அன்றுகூட எனக்குக் குரல் வரவில்லை. பதில்களை எழுதிக் காட்டித்தான் தேறினேன்.

படித்தது தாவரவியல். கடைசி ஆண்டு புராஜெக்டுக்காகக் கூழாம்பாறைக் காட்டில் ஒரு ஹெக்டேர் அளந்து, அதிலிருந்த மரங்களை எண்ணினேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொன்றிலும் எண் அடித்த அலுமினியத் தகடு கட்டினேன். காசான், வீரை, உலக்கைப்பாலை, குருந்தம். பெருமுக்கல் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வெறும் புதராகத்தான் தெரியும். அந்த மரங்கள் உயரத்துக்கு ஆசைப்படாதவை. மணிக்கட்டு கனமுள்ள ஒரு காசானுக்கு என் அப்பாவின் வயது இருக்கலாம். சித்திரையிலும் இலை இருக்கும். இலைக்குக் கீழே மண் குளிர்ந்திருக்கும். அந்த மண் குடித்து வைத்த மழைதான் அடிவாரத்து ஏரிக்கும் கிணறுகளுக்கும் மெல்ல இறங்கும்.

அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் இளவரசி அக்கா. கூழாம்பாறையில் பதினான்கு ஆடுகள் மேய்ப்பவர்.

“என் ஆட்டையே நான் எண்ண மாட்டேன். நீ இன்னா மதி, மரத்தெ எண்ணிக்கினு கீற? எவனாச்சும் தூக்கிக்கினு போயிடுவானா?” என்று கேட்டார்.

அப்போது நான் சிரித்தேன்.

தீத்தடுப்பு வார விழா மார்ச் மாதத்தில் காட்டின் ஓரத்தில் நடந்தது. அந்த ஆண்டு ஐப்பசி மழை ஏமாற்றியிருந்தது. மலைச்சரிவில் புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. பந்தல், மேடை, இருநூறு நாற்காலி. சிவப்பு பெயின்ட் அடித்த பன்னிரண்டு மணல் வாளிகளை வரிசையாக வைத்து, குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். தண்ணீர் லாரி பந்தலுக்குப் பின்னால் நின்றது. பந்தலைப் பிரிக்காமல் அது வெளியே வர முடியாது என்பது யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

நிகழ்ச்சி நிரல் இதுதான்: சருகுக் குவியல் ஒன்று கொளுத்தப்படும். விழுப்புரத்திலிருந்து வரும் இயக்குநர் ரிப்பனை வெட்டி, முதல் வாளியை எடுத்து, நான்கு நிமிடத்தில் தீயை அணைப்பார். பிறகு உரைகள். பிறகு சாப்பாடு. இதற்கான அறிக்கையை முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தோம். ‘ஒத்திகைத் தீ 11.14 மணிக்கு முற்றிலும் அணைக்கப்பட்டது. ஒத்திகை மாபெரும் வெற்றி.’

இயக்குநர் வரும்போது தீ கொழுந்துவிட்டு எரிய வேண்டும். முன்கூட்டியே கொளுத்தினால் அணைந்துவிடும். வந்தபின் கொளுத்தினால் அவர் காத்திருக்க நேரும். செல்வகுமார் சார் இயக்குநரின் டிரைவர் ரஞ்சித்துக்குப் போன் போட்டார்.

“எங்க இருக்கீங்க?”

“கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சு சார்.”

கூட்டேரிப்பட்டு தாண்டினால் திண்டிவனம் பத்துப் பதினைந்து நிமிடம். எங்கள் பக்கத்தில் யாரும் போனில் இருக்கிற இடத்தைச் சொல்வதில்லை, இருந்திருக்க வேண்டிய இடத்தைத்தான் சொல்வார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பாதவர்கள்கூட மயிலம் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். செல்வகுமார் சாரும் அப்படிச் சொல்லுகிறவர்தான். ஆனாலும் நம்பினார். ரஞ்சித் அப்போது கூட்டேரிப்பட்டுக்கு வெகு முன்னால், விக்கிரவாண்டியில் ஓர் ஓட்டல் வாசலில் கார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். இயக்குநர் உள்ளே இரண்டாவது பொங்கலுக்குச் சொல்லியிருந்தார்.

சாலைக் கணக்குப் போட்டு, பதினொன்று பத்துக்குத் தீ மூட்டப்பட்டது. இரண்டு குச்சிகள் உடைந்தன. மூன்றாவது பற்றிக்கொண்டது. போட்டோகிராபர் நான்கு படம் எடுத்தார்.

பதினொன்று இருபதுக்குக் கார் வரவில்லை. காற்று வந்தது. குவியலின் மேல்சருகு பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. காவலர் ராஜ்குமார் ஓடிப்போய் ஒரு வாளியைத் தூக்கினார்.

“வைய்யா கீழ!” என்றார் செல்வகுமார் சார். “ரிப்பன் இன்னும் வெட்டல. நீ அணைச்சிட்டா அவர் வந்து எதை அணைப்பார்?”

“சார், புல்லு புடிச்சிக்கிச்சு சார்.”

“கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சுய்யா. இதோ வந்துடுவார்.”

ராஜ்குமார் வாளியைக் கீழே வைத்தார். வைத்த இடம் வரிசையில் இல்லை என்பதால் நகர்த்தி வைக்கச் சொன்னார்கள். நகர்த்தி வைத்தார். அதற்குள் தீ சரிவில் ஏறிவிட்டது.

கார் ஒரு மணிக்கு வந்தது. அப்போது சருகுக் குவியல் சாம்பலாகியிருந்தது, மலையின் தெற்குச் சரிவு எரிந்துகொண்டிருந்தது. இயக்குநர் அணைப்பதற்குத் தீ வேண்டும். ஒருவர் மலைக்கு ஓடி எரிகிற கிளை ஒன்றைக் கொண்டுவந்தார். புதுக் குவியல் பற்றவைக்கப்பட்டது. இயக்குநர் ரிப்பனை வெட்டி, வாளியை எடுத்து அணைத்தார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் கை தட்டினோம். பின்னணியில் புகை நன்றாக அமைந்திருக்கிறது என்றார் போட்டோகிராபர்.

செல்வகுமார் சார் வரவேற்புரை ஆற்றும்போது, செயற்கைக்கோளிலிருந்து அவருடைய போனுக்கு எச்சரிக்கை வந்தது: உங்கள் எல்லைக்குள் தீ. அவர் போனை சைலண்டில் போட்டுவிட்டு உரையைத் தொடர்ந்தார்.

இயக்குநர் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதிவைத்திருக்கிறேன். “நான் வரும்போதே பார்த்தேன். திண்டிவனம் மேம்பாலத்திலேயே புகை தெரிந்தது. எத்தனையோ ஒத்திகை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு குவியல், ஒரு வாளி. ஒரு மலையையே ஏற்பாடு செய்த பிரிவை இன்றுதான் பார்க்கிறேன். செலவைப் பற்றிக் கவலைப்படாத இந்த அர்ப்பணிப்புக்குத் தலைவணங்குகிறேன்.”

அவர் தலைவணங்கியபோது, மலையிலிருந்து இளவரசி அக்கா ஆடுகளோடு இறங்கி வந்தார். பன்னிரண்டு ஆடுகள் இருந்தன. அவற்றைச் சாலையில் விட்டுவிட்டு, பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு திரும்ப மேலே போனார். அவருக்குப் பின்னால் ஊர் போனது. தண்ணீர் லாரி வெளியே வர, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பந்தலைப் பிரித்து, நான்கு மணி ஆனது. மலையில் பாதை இல்லை. லாரி அடிவாரத்தில் நின்றது.

மறுநாள் மாலை கடைசிப் புகையைக் கிளையால் அடித்தபோது அக்காவின் உள்ளங்கால் தோல் செருப்போடு ஒட்டியிருந்தது.

ஒத்திகைத் தீ 11.14க்கு அணைக்கப்பட்டது என்று அறிக்கை போய்விட்டது. ஆகவே அதற்குப் பிறகு எரிந்தது வேறு தீ. இது செல்வகுமார் சாரின் முடிவு. இயக்ககமும் ஏற்றுக்கொண்டது. அந்த வேறு தீ எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, ஓய்வுபெற்ற உயர் அலுவலர் கோதண்டபாணி தலைமையில் குழு அமைத்தார்கள். விழுப்புரத்தில் தொண்ணூற்று நான்கு நாட்களில் ஏழு அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் நான் குறிப்பேட்டோடு பஸ்ஸில் போனேன்.

முதல் அமர்வில் குழுவுக்கு முத்திரை தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு இலைகள், நடுவில் ஒரு தீச்சுடர்.

எரிந்தது காடா என்ற கேள்வி அடுத்து வந்தது. கோதண்டபாணி சார் என் புராஜெக்ட் அறிக்கையைப் புரட்டினார். சுற்றளவு முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தது மரமல்ல என்றார். அப்படிப் பார்த்தால் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் ஐம்பத்தேழுதான் மரம்.

“அந்த ஐம்பத்தேழும் விழுந்துடுச்சா?”

“இல்ல சார். கரியா நிக்குது” என்றார் ராஜ்குமார்.

“நிக்குதில்ல? அப்ப சேதம் இல்லைன்னு எழுதுங்க.”

எழுதினேன். அவை வளர அறுபது, எழுபது ஆண்டுகள் எடுத்திருக்கும் என்று விளிம்பில் பென்சிலால் குறித்தேன். அடுத்த அமர்வுக்கு முன் யாரோ அதை ரப்பரால் அழித்திருந்தார்கள். அழித்தவர் கவனமானவர். காகிதம் கிழியவில்லை.

சாம்பல் ஆறிய பிறகு நான் தகடுகளைத் தேடப் போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு கிடைத்தன. சில உருகி, நீர்த்துளி போல உருண்டிருந்தன. சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன். அலுவலகத்தில் அதை ‘உலோகக் கழிவு, ஒரு டப்பா’ என்று பதிவு செய்யச் சொன்னார்கள்.

இளவரசி அக்கா எடுத்துவந்தது காட்டாமைகள், தரையில் வாழ்பவை. பதினெட்டு. மற்றவை ஓடியிருக்கலாம், பறந்திருக்கலாம். ஆமை ஓடாது. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, ஆபத்து போகட்டும் என்று காத்திருக்கும். பதினெட்டும் அப்படியே இருந்தன. அக்கா அவற்றை ஓர் உரச்சாக்கில் போட்டு நான்காம் அமர்வுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“ஆமை தண்ணில வாழற பிராணி” என்றார் கோதண்டபாணி சார். “காட்டுத் தீயில எப்படிம்மா சாகும்? இது ஏரி சம்பந்தப்பட்டது. மீன்வளத்துக்கு அனுப்புங்க.”

“இது காட்டாமைங்க. தண்ணில போட்டா முழுவிடும்.”

“ஆமை முழுவுமா?” என்று குழு சிரித்தது. அந்தச் சிரிப்பையும் நான் குறிப்பில் எழுதினேன்.

ஐந்தாம் அமர்வுக்கு முந்தின மாலை கோடைமழை பெய்தது. மலையில் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் சாம்பலும் மண்ணும் ஏரிக்குள் வந்து, தண்ணீர் கறுத்தது. மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. ஏரியில் கரிசல் மண் சேர்ந்து வளம் கூடியிருப்பதாகக் குழு பதிவு செய்தது. மலையில் பொக்லைன் வைத்துக் குழி எடுத்து லட்சம் கன்றுகள் நடவும் தீர்மானித்தது. காசான் கன்று எந்த நாற்றங்காலிலும் இல்லை என்பதால் தைலமரம்.

இனி மிச்சம் இருந்தது காரணம் மட்டும்தான். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். படிவத்தில் நான்கு காரணங்கள் இருந்தன: ஆடு மேய்ப்பவர் (பீடி), சுற்றுலாப் பயணி (சமையல்), மின்னல், மற்றவை. கூழாம்பாறைக்கு இதுவரை சுற்றுலாப் பயணி யாரும் வந்ததில்லை. அன்றைக்கு வானம் தெளிவு. ‘மற்றவை’யை அழுத்தினால் படிவம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. காரணம் சொல்லாமல் படிவம் போகாது. படிவம் போகாமல் குழு கலையாது.

அன்றைக்கு மலையில் ஆடு மேய்த்தவர் ஒருவர்தான். ஆறாம் அமர்வில் அவரை உட்காரவைத்தார்கள்.

“பீடி குடிப்பீங்களா?”

“இல்லீங்க.”

“எந்த பிராண்டு?”

“இல்லன்னுதான சொன்னேன்.”

“‘இல்லை’ன்னு எல்லாம் இதுல ஏறாதும்மா. ஏதாவது ஒரு பிராண்டு சொல்லுங்க.”

இளவரசி அக்கா சுற்றிலும் எல்லோரையும் பார்த்தார்.

“அப்பன்னா ஒரு கட்டு வாங்கியாறச் சொல்லுங்க சார். பேருக்காச்சும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போறேன். கேசுதான் பொய்யி, இருமலாச்சும் நெசமா இருக்கட்டும்.”

‘சாட்சி ஒத்துழைத்தார்’ என்று எழுதச் சொன்னார்கள்.

பெயர் ஏறினால் திண்டிவனம் கோர்ட்டில் வழக்கு வரும். காட்டு எல்லைக்குள் அவரோ ஆடோ கால் வைக்கக் கூடாது. ஊரில் வேறு மேய்ச்சல் இல்லை, ஆடுகளை விற்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே அவர் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றது. கூடவே நின்று கிளையால் அடித்தவர்கள்கூட, அரசாங்கமே சொல்லுகிறது என்றால் ஏதாவது இருக்கும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று திரும்பும்போது செல்வகுமார் சார் என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். விக்கிரவாண்டி வந்தது.

“அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா” என்றார். “நாலு வாய்தா, அவ்வளவுதான். நம்ம பக்கம் திரும்பினா என் பென்ஷன் போயிடும். எனக்கு மட்டுமில்ல. உனக்கும்தான். புரியுதில்ல?”

அவருடைய போன் அடித்தது. எடுத்து, “கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சு” என்றார்.

ஏழாம் அமர்வு ஜூன் மாதத்தில். அக்கா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதிகாலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒன்றாகவே போனோம். அலுவலகம் திறக்கவில்லை. எதிரே டீக்கடையில் நின்றோம். அக்கா முந்தானை முடிச்சிலிருந்து வறுத்த மல்லாட்டை எடுத்துக் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

“அக்கா, அன்னிக்கு நீங்க மலைமேல எங்க இருந்தீங்க?”

“பந்தலுக்கு நேரா மேல. உச்சிப்பாறைல.”

“அங்கிருந்து கீழ தெரியுமா?”

“தெரியாம இன்னா? வாளி தெரிஞ்சிச்சு. ரிப்பன் தெரிஞ்சிச்சு. எல்லாந்தான் தெரிஞ்சிச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எவன் கேட்டான்? பீடி இன்னா பிராண்டுன்னுதான கேட்டானுங்க.” தோலை ஊதிவிட்டுக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பார்த்தார். “வளையல் எங்க?”

“கழட்டிட்டேன்.”

“நல்லாத்தான இருந்துச்சு, பச்சையா.” கொஞ்ச நேரம் மென்றார். “வேலை கெடைச்சி எத்தினி மாசம் ஆவுது உனக்கு?”

“பத்து.”

“அப்ப சும்மா கெட. எனக்கு மேய்க்கிறதுக்கு அங்க இன்னா கீது இப்ப? கரிதான கீது. எனக்கு இதெல்லாம் ஒரு பேஜாரு இல்ல. வா, ஜல்தி முடிச்சிட்டு பன்னெண்டு மணி வண்டியப் புடிக்கணும்.”

காலில் தோல் இன்னும் முழுதாக வரவில்லை. அலுவலகப் படிகளைப் பக்கவாட்டில் ஏறினார்.

கூட்ட அறையில் புதிதாக ஒரு சுவரொட்டி மாட்டியிருந்தது. எங்கள் பிரிவின் ஒத்திகைக்கு மாநில அளவில் முதல் பரிசு கிடைத்திருந்தது. அதற்காக அன்றைய படங்களில் ஒன்றை எடுத்து, ஆள் உயரத்துக்கு அச்சிட்டிருந்தார்கள். முகம் இல்லை, வெட்டியிருந்தார்கள். ஒரு கை மட்டும். விரல்களுக்கு நடுவே எரிகிற தீக்குச்சி. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். கீழே ‘காடு காக்கும் பெண் கரங்கள்’ என்று இருந்தது.

கோதண்டபாணி சார் நிறைவுரையை அதிலிருந்து தொடங்கினார்.

“தொண்ணூற்று நாலு நாள் உழைச்சிருக்கோம். உண்மை எவ்வளவு ஆழத்துல இருந்தாலும் ஒரு குழு அதைக் கடந்து போகாம இருக்காது. யார் மேலயும் பழி போடறது நம்ம நோக்கம் இல்ல. படிவத்தை நிரப்பறதுதான் நோக்கம். ஒரு பக்கம் பொறுப்பில்லாம பீடியை வீசற கை. இன்னொரு பக்கம் இதோ, இந்தக் கை. பாருங்க, எவ்வளவு நிதானம். கொஞ்சமாவது நடுக்கம் இருக்கா? இந்தப் பெண் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா காட்டை நேசிக்கிற கைதான் நெருப்பை இப்படிப் பிடிக்கும்.”

கை தட்டினார்கள். செல்வகுமார் சார் மேசையைப் பார்த்துக்கொண்டு தட்டினார். படிவத்தை அக்காவின் முன் தள்ளினார்கள். காரணம்: ஆடு மேய்ப்பவர் (பீடி). பெயர்: இளவரசி. அக்கா பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றத் தெரியாமல் திருகினார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கழற்றிக் கொடுப்பேன் என்று அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

வாங்கினேன். திருப்பிக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

“சார்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை.

“சார்.”

கோதண்டபாணி சார் திரும்பினார். “என்னம்மா? குறிப்பாளர் பேசக் கூடாதே.”

“உக்காரு மதி” என்று அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

“நடுங்கிச்சு சார்” என்றேன். “அந்தக் கை நடுங்கிச்சு. படத்துக்குப் பொம்பள கை வேணும்னு சொன்னாங்க. தீப்பெட்டி குடுத்தாங்க. நடுங்கினதுல ரெண்டு குச்சி உடைஞ்சிடுச்சு. மூணாவது குச்சில தீ வெச்சது நான்தான்.”